ஓடுபாதையில் குழி விழுந்தால் தீவுக்கு எப்படிப் போவது?

2022 நவம்பரில் போர்ட் பிளேர் விமான நிலையத்தின் ஓடுபாதையைப் பழுது பார்ப்பதற்காகச் சில நாட்கள் விமானங்களை அடியோடு நிறுத்தினார்கள். (அந்த ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். எனக்கு வாயில் பழைய பெயர்தான் வருகிறது.) அந்தச் சமயத்தில் அந்தமானுக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்த நண்பர் ஒருவர் டீக்கடையில் பொரிந்து தள்ளினார். "எங்க தெருவுல ராத்திரி பத்து மணிக்கு மெஷினைக் கொண்டுவந்து, காலைல பால் பாக்கெட் வர்றதுக்குள்ள ரோடு போட்டு முடிச்சிட்டுப் போயிடறாங்க. ஒரு ரன்வேக்கு இத்தனை நாளா?"

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில் இருக்கும் அசென்ஷன் தீவின் கதையைச் சொன்னேன். 2017 ஏப்ரலில் அங்கே ஓடுபாதை மோசமாகி, பெரிய பயணிகள் விமானம் வருவது நின்றது. அது மறுபடி வரத் தொடங்கியபோது 2023 ஆகியிருந்தது. அவர் ஆறுதல் அடையவில்லை, சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "குழி அடைக்க ஆறு வருஷமா? நம்ம ஊர் காண்ட்ராக்டரே தேவலை!"

அவர் மட்டும் இல்லை, இதைப் பற்றிப் பேசுகிற பலரும் இப்படித்தான் பேசுகிறார்கள். ரன்வே என்பது கொஞ்சம் அகலமான ரோடு, அதை மூடினால் பூட்டுப் போட்டதுபோல எதுவும் வராது, பெரிய விமானம் வர முடியாவிட்டால் சின்ன விமானத்தை விட்டால் போயிற்று என்று மூன்று எண்ணங்கள் கலந்து கிடக்கின்றன. மூன்றையும் பிரித்துப் பார்த்துவிடலாம். மூன்றாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது, அதனால் அங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கப்போகிறேன்.

முதலில் அந்தத் தீவு

அசென்ஷன் 88 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைத் தீவு, பிரிட்டனுக்குச் சொந்தம். சென்னை மாநகராட்சியை ஐந்தாகக் கிழித்தால் ஒரு துண்டு அளவு இருக்கும். அதில் சுமார் 800 பேர். பூர்வகுடிகள் என்று யாரும் இல்லை, நிரந்தரமாகக் குடியேறும் உரிமையும் யாருக்கும் இல்லை. ராணுவத் தளம், தகவல் தொடர்பு நிலையங்கள், வானொலி ஒலிபரப்பு நிலையம் இப்படி ஏதாவது ஒன்றில் வேலை இருக்கும் வரைக்கும்தான் அங்கே வாசம். வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தென்கிழக்கே இருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்காரர்கள், நெப்போலியனைச் சிறை வைத்தார்களே அதே தீவு. இரண்டுக்கும் இடையே சுமார் 1,300 கிலோமீட்டர். ஏறக்குறைய சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போகிற தூரம், ஆனால் இதுதான் அவர்களுக்குப் பக்கத்துத் தீவு! ஆப்பிரிக்கக் கரை 1,600 கிலோமீட்டருக்கு அப்பால்.

1942-ல் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் வந்து, எரிமலைப் பாறையை வெடிவைத்துத் தகர்த்து, மூன்று மாதம் போலத்தான் எடுத்துக்கொண்டு இந்த ஓடுபாதையைப் போட்டார்கள். அந்தக் காலத்து விமானங்கள் அட்லாண்டிக்கை ஒரே தாவலில் தாண்ட முடியாது, நடுவில் கால் ஊன்ற ஒரு கல் வேண்டியிருந்தது. அந்தக் கல்லைக் கடலில் கண்டுபிடிப்பது விமானியின் பாடு. அசென்ஷனைத் தவறவிட்டால் என் மனைவிக்குப் பென்ஷன் என்று அந்த விமானிகளிடையே ஒரு கேலி வரி உலவியது. தமிழிலும் இயைபு அப்படியே நிற்கிறது பாருங்கள். நிலையத்தின் பெயர் வைட்அவேக், அதாவது விழித்தே இருப்பது. அங்கே கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டி ராத்திரி பகல் பாராமல் கத்தும் ஒருவகை ஆலாப் பறவைக்கு அந்தப் பட்டப்பெயர், அதுவே விமான நிலையத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

பிறகு ஓடுபாதையை 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நீட்டினார்கள். அமெரிக்க விண்வெளி ஓடம் பறந்த காலத்தில், அதற்கு ஏதாவது ஆபத்து வந்தால் அவசரமாக இறங்கக் குறித்துவைத்த இடங்களில் இதுவும் ஒன்று. நிலம் பிரிட்டனுடையது, ஓடுபாதையை நடத்துவது அமெரிக்க ராணுவம். இங்கிலாந்திலிருந்து, தென் அமெரிக்காவின் தென்முனைப் பக்கம் பிரிட்டன் வசம் இருக்கும் ஃபாக்லாந்து தீவுகளுக்குப் போகும் பிரிட்டிஷ் ராணுவ விமானம் இங்கே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகும், சாதாரணப் பயணிகளுக்கும் அதில் சில இருக்கைகள் கிடைக்கும். அந்தச் சேவைக்குப் பெயரே தென் அட்லாண்டிக் விமானப் பாலம். 2017-ல் உடைந்தது அந்தப் பாலம்தான்.

ஓடுபாதை ரோடு இல்லை

கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறீர்கள், சுகமாகத் தாங்குகிறது. அதே கட்டிலில் எழுந்து ஒற்றைக் காலில் நின்று பாருங்கள், கால் வைத்த இடம் குழிந்து, கயிறு அறுந்துவிடுமோ என்று பயம் வரும். உங்கள் எடை கூடவில்லை. எடை இறங்குகிற இடம் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான்.

விமானமும் அப்படி ஒற்றைக் காலில் நிற்கிற ஆசாமிதான். நம் ஊர் லாரியின் பின் அச்சில் நான்கு டயர் இருந்தால் சட்டம் அனுமதிக்கும் பாரம் 11.5 டன், ஆக ஒரு டயருக்கு மூன்று டன்னுக்கும் கீழே. தென் அட்லாண்டிக் பாலத்தில் ஓடிய ஏர்பஸ் ஏ330 ரக விமானம் இறங்கும்போது 180 டன் வரை இருக்கலாம், அதில் பெரும்பங்கை எட்டே எட்டு டயர் சுமக்கிறது. ஒரு டயருக்கு 20 டன்னுக்கு மேல். டயருக்குள் இருக்கும் காற்றழுத்தமும் அதற்கேற்ற மாதிரிதான். பங்க்சர் கடையில் காருக்கு 32 வையுங்கள் என்கிறோமே, இதற்கு 200 வைக்க வேண்டும். எனவே நம் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாகப் போடுகிற தாருக்கும் இதற்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், வேலை வேறு.

ஓடுபாதை பல அடுக்குகளால் ஆனது. கண்ணுக்குத் தெரிகிற மேல் அடுக்கு தாரும் ஜல்லியும் கலந்தது, அதற்குக் கீழே இறுக்கிய கருங்கல் ஜல்லி, அதற்கும் கீழே மண் அல்லது பாறை. மேலே விழுகிற பாரத்தை அகலமாகப் பரப்பிக் கீழே அனுப்புவதும், தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதும் மேல் அடுக்கின் பொறுப்பு. ஒவ்வொரு முறை விமானம் இறங்கும்போதும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறியும் இல்லையா, அதேபோல ஒரு நாள் விரிசல் விடும். விரிசலில் தண்ணீர் இறங்கும், அடியில் உள்ள அடுக்கு தளரும், தளர்ந்ததும் மேல் அடுக்கு இன்னும் அதிகமாக வளையும், அதனால் விரிசல் இன்னும் பெருகும். வெளியே குழி தெரியும்போது உள்ளே நோய் முற்றியிருக்கும். மேலே ஒரு சட்டித் தார் ஊற்றி மூடினால் அது அடுத்த சில விமானங்கள் வரைக்கும்தான்.

கிராமத்துப் பாலங்களில் "பாலம் பலவீனமாக உள்ளது, கனரக வாகனங்கள் செல்லக்கூடாது" என்று பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பலகையை எண்ணாக மாற்றினால் அதுதான் தாங்குதிறன் எண். ஓடுபாதைக்கு ஒரு எண், விமானத்துக்கு ஒரு எண். விமானத்தின் எண் ஓடுபாதையின் எண்ணைத் தாண்டக்கூடாது. இதில் ஒரு நெளிவு உண்டு: விமானத்தின் எண் நிலையானது இல்லை, ஏற்றிய சுமையைப் பொறுத்து மாறும். அதே விமானம் பாதி காலியாக வந்தால் அதன் எண் குறையும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழியைவிடக் கல் மோசம்

குழியில் சக்கரம் விழுந்து விமானம் குப்புறக் கவிழும் என்றுதான் பலர் கற்பனை செய்கிறார்கள். நிஜத்தில் அதைவிட அதிகம் பயப்படுவது, குழியின் ஓரத்தில் பெயர்ந்து கிடக்கும் கற்களுக்கு. ஓடுபாதையில் இருக்கக்கூடாத எந்தப் பொருளையும், கல்லோ ஆணியோ, சிதறுபொருள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஜெட் விமானங்களில் எஞ்சின் இறக்கைக்குக் கீழே தரையை ஒட்டித் தொங்குகிறது, முழு வேகத்தில் சுழலும்போது அது ஒரு ராட்சத வாக்யூம் கிளீனர். எலுமிச்சை அளவு ஒரு கல் உள்ளே போனால் சுழலும் தகடுகள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2000 ஜூலையில் பாரிஸில் கான்கார்ட் விமானம் விழுந்து விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் 4 பேரும் இறந்தார்களே, அது தொடங்கியது ஓடுபாதையில் கிடந்த ஒரு உலோகப் பட்டையில் டயர் ஏறிக் கிழிந்ததிலிருந்துதான். அந்தப் பட்டை வேறொரு விமானத்திலிருந்து கழன்று விழுந்தது.

ராணுவச் சரக்கு விமானங்கள் பலவற்றில் இறக்கை முதுகின் மேல் இருக்கும், எஞ்சின் உயரத்தில் தொங்கும், சக்கரங்களும் கரடுமுரடான தரைக்கென்றே செய்யப்பட்டவை. பயணிகள் விமானம் வர முடியாத ஓடுபாதையில் சரக்கு விமானம் இறங்குவதைப் பார்த்து, "அது மட்டும் எப்படி வருது, ஏதோ மறைக்கிறாங்க" என்று சதிக்கதை கட்ட வேண்டாம். மாட்டு வண்டி போகிற பாதையில் கார் போகாது, அதுபோலத்தான்.

இதுவரை சொன்னதைக் கூட்டிப் பார்த்தால்: ஓடுபாதை கெடுவது அடியிலிருந்து. எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு ஒரு எண் உண்டு. குழி சிறியதாக இருந்தாலும் அதிலிருந்து பெயரும் கல் பெரிய எஞ்சினுக்கு எமன்.

'மூடல்' என்றால் எந்த மூடல்?

ஓடுபாதையில் ஏதாவது கட்டுப்பாடு வந்தால் விமானிகளுக்கு நோட்டாம் என்ற குறு அறிவிப்பு போகும். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இன்ன இடத்தில் இன்ன கட்டுப்பாடு என்று சுருக்கெழுத்துப் போல எழுதியிருக்கும். செய்தியில் அது "ஓடுபாதை மூடல்" என்று ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகிறது, அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

நேரத்தை மூடலாம். மும்பையில் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பராமரிப்புக்காக ஒரு நாள் ஆறு மணி நேரம் நிறுத்துகிறார்கள், மற்ற நேரத்தில் விமானம் பறக்கும். நீளத்தை மூடலாம். ஒரு முனையில் ஒரு கிலோமீட்டரைத் தடுத்துவிட்டு, இறங்கும் கோட்டை உள்ளே தள்ளி வரைந்து, மிச்ச நீளத்தில் ஓட்டுவார்கள். எடையை மூடலாம், இன்ன எண்ணுக்கு மேல் உள்ள விமானம் வேண்டாம், அதற்குக் கீழே உள்ளது வரலாம் என்று. போர்ட் பிளேரில் நடந்தது போலச் சில நாட்கள் முழுக்கவே மூடுவது இன்னொரு வகை.

அசென்ஷனில் நடந்தது எடை மூடல். ஓடுபாதைக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. அந்த ஆறு வருடத்திலும் அங்கே விமானங்கள் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. அப்படியானால் தீவுக்காரர்கள் ஏன் அவ்வளவு தவித்தார்கள்?

சின்ன விமானத்தை விட்டால் என்ன?

மோட்டார் சைக்கிளில் ஒரு மலைக்குப் போகிறீர்கள். மேலே ஒரே ஒரு பெட்ரோல் பங்க், அது திறந்திருக்குமா என்று தெரியாது. புத்திசாலி என்ன செய்வார்? போவதற்கு மட்டும் இல்லாமல் திரும்பி வரவும் சேர்த்துப் போட்டுக்கொள்வார். டேங்க் சின்னதாக இருந்தால், பாதி மலையில் ஒரு இடம் வரும். அதைத் தாண்டிவிட்டால் கீழே வரவும் பெட்ரோல் காணாது, மேலே போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். விமானிகள் இதைத் திரும்ப முடியாத புள்ளி என்கிறார்கள். மோட்டார் சைக்கிளாவது ஓரமாக நிறுத்தலாம்.

சென்னைக்கு வருகிற விமானத்துக்கு இந்தக் கவலை அவ்வளவாகக் கிடையாது. மழையில் இறங்க முடியவில்லையா, பெங்களூருக்குப் போய்விடும். இப்படி இறங்க வேண்டிய இடம் கைவிட்டால் போவதற்கென்று முன்கூட்டியே குறித்துவைக்கும் இன்னொரு விமான நிலையத்துக்கு மாற்று நிலையம் என்று பெயர். அசென்ஷனுக்கு மாற்று நிலையம் எங்கே? ஆப்பிரிக்காவில். 1,600 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு மணி நேரப் பறத்தல். ஏ330 மணிக்கு ஐந்தாறு டன் எரிபொருள் குடிக்கிறது. அப்படியானால் பயன்படாமலே போகக்கூடிய பன்னிரண்டு டன்னைச் "சும்மா" தூக்கிக்கொண்டு வர வேண்டும், ஏறக்குறைய 120 பயணிகளும் பெட்டிகளும் சேர்ந்த எடை. மாற்று நிலையமே எட்டாத தனித்த இடங்களுக்கு சர்வதேச விதி வேறு மாதிரிச் சொல்கிறது: அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் சுமார் இரண்டு மணி நேரம் பறக்கும் அளவு எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி வந்து மேகம் விலகக் காத்திருக்கலாம், ஓடுபாதையில் நிற்கும் தடையை அகற்றும் வரை காத்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் இரண்டு மணி நேர எரிபொருள் கூடுதல் சுமை.

இப்போது முடிச்சு தெரிகிறதா? தூரம் போக எரிபொருள் வேண்டும், எரிபொருளைச் சுமக்கப் பெரிய விமானம் வேண்டும், பெரிய விமானத்தைத் தாங்க உறுதியான ஓடுபாதை வேண்டும். ஓடுபாதை பலவீனமானால் முதலில் விலகுவது பெரிய விமானம்தான், அதாவது அவ்வளவு தூரத்திலிருந்து ஆட்களோடு வந்து சேரக்கூடிய அதே விமானம். பக்கத்திலேயே கரை இருக்கும் தீவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. லட்சத்தீவின் அகத்தியில் ஓடுபாதை 1.2 கிலோமீட்டர்தான், கொச்சியிலிருந்து இரண்டு காற்றாடி எஞ்சின் வைத்த ஏடிஆர் விமானம் போய் வருகிறது, தூரம் 500 கிலோமீட்டருக்குள். அங்கே சின்னதே போதும். அசென்ஷனிலோ இங்கிலாந்திலிருந்து வரும் தூரம் 6,500 கிலோமீட்டருக்கு மேல். எம்பிரேயர் 190 போன்ற நடுத்தர ஜெட், ஒரு டயருக்குப் பத்து டன் சொச்சம்தான் இறக்கும், ஓடுபாதைக்கு அதனால் வலிக்காது, ஆனால் நிறைவயிறு எரிபொருளோடு கிளம்பினாலும் முக்கால் வழி தாண்டாது.

சரி, ஏ330-ஐயே பாதி காலியாக அனுப்பினால் அதன் எண் குறையுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காலியாக வரும் ஏ330-ன் சொந்த எடையே 120 டன்னைத் தொடும். அதோடு, குறைக்க வேண்டிய சுமையில் எரிபொருளைத் தொட முடியாது (திரும்ப வேண்டுமே), ஆக ஆட்களைத்தான் குறைக்க வேண்டும். இருபது பேருக்காக அவ்வளவு பெரிய விமானத்தை அனுப்பினால் யார் செலவு கொடுப்பது? அப்புறம், தரையோரம் தொங்கும் எஞ்சினுக்குக் கல்லின் பயம் காலியாக வந்தாலும் அதே பயம்தான்.

வான்வழியே எரிபொருள் கொடுக்கலாமே என்று கேட்கும் அதிபுத்திசாலிக்கு: 1982 ஃபாக்லாந்து போரில் இதே அசென்ஷனிலிருந்து கிளம்பிய வல்கன் குண்டுவீச்சு விமானங்களுக்கு அப்படித்தான் செய்தார்கள். ஒரே ஒரு விமானம் போய்க் குண்டு போட்டுத் திரும்பி வர, எரிபொருள் கொடுக்கும் விமானங்கள் ஒரு படையே பறக்க வேண்டியிருந்தது, அந்த விமானங்களுக்கும் நடுவானில் வேறு விமானங்கள் எரிபொருள் கொடுத்தன. லீவுக்கு ஊர் போகிறவர்களுக்கு இது சரிப்படாது.

சுருக்கமாக: பலவீனமான ஓடுபாதை எல்லா விமானத்தையும் தடுப்பதில்லை. கனமானதைத் தடுக்கிறது. எட்டாத தீவில் கனமானதுதான் உயிர்நாடி.

இருக்கிற ஒரே குளியலறையை உடைப்பது

வீட்டில் இரண்டு குளியலறை இருந்தால் ஒன்றை உடைத்து டைல்ஸ் மாற்றுவது பெரிய விஷயமே இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, வீட்டில் ஆறு பேர் என்றால்? கொத்தனாரிடம் கெஞ்சி, பாதித் தரையை இன்றைக்கும் மீதியை அடுத்த வாரமும் செய்யச் சொல்லி, நடுவில் பலகை போட்டு நின்று குளிப்போம். வேலை இழுக்கும், செலவும் கூடும். ஆனால் வேறு வழி கிடையாது.

ஒற்றை ஓடுபாதைத் தீவும் அதுதான். 1942-ல் மூன்று மாதத்தில் முடிந்ததற்குக் காரணம், அப்போது அதை யாரும் பயன்படுத்திக்கொண்டிருக்கவில்லை. வந்து இறங்கப்போகிற விமானங்களும் இன்றைய கணக்கில் கொசு. இப்போது அதே இடத்தில் வேலை செய்ய வேண்டும், கூடவே யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக ஒரு விமானம் இறங்கவும் இடம் விட வேண்டும். அங்கே சின்ன மருத்துவமனைதான் இருக்கிறது, பெரிய சிகிச்சைக்கு வெளியேதான் போக வேண்டும்.

மூன்று கிலோமீட்டரைப் பாதியாகப் பிரித்துச் செய்யலாம். ஒரு பாதியில் வேலை, மறு பாதியில் விமானம். காகிதத்தில் 1,500 மீட்டர் கிடைக்கும், நிஜத்தில் அது குறையும், ஏனென்றால் தோண்டிய பள்ளத்துக்கும் விமானம் நிற்கும் இடத்துக்கும் நடுவே பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும். பிரேக் பிடிக்காமல் தாண்டி ஓடினால் ஜல்லி மெஷினில் போய் மோதக்கூடாது பாருங்கள். அப்படி மிஞ்சும் நீளத்தில் எம்பிரேயர் போன்றவை கணக்குப் பார்த்து இறங்கலாம், ஏ330 கிட்டவே வர முடியாது. கான்கிரீட்டாக இருந்தால் இன்னும் சங்கடம், அது முழு வலிமை பெற வாரக்கணக்கில் ஆறப்போட வேண்டும். தார்க் கலவை சூடு ஆறியதும் பயன்படும், அதனால்தான் பெரிய நகரங்களில் ராத்திரி சுரண்டி, ராத்திரியே போட்டு, விடியும்போது புதிய மேட்டுக்கும் பழைய பள்ளத்துக்கும் நடுவே சாய்வாக இழைத்துவிட்டு விமானத்தை விட முடிகிறது. ஆனால் அது மேல்தோலை மாற்றும் வேலை. அடி அடுக்கே போயிருந்தால் ராத்திரி வேலை பலிக்காது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை, சாமான் எப்படி வருகிறது என்று யோசியுங்கள். தார்க் கலவையை 150 டிகிரி அளவு சூட்டில் கலந்து, ஆறுவதற்குள் விரிக்க வேண்டும், கப்பலில் கொண்டுவர முடியாது. கலவை ஆலையையே தீவில் நட வேண்டும். தார் கடல் வழியே வர வேண்டும், ரோலர், விரிக்கும் இயந்திரம், அதற்கு உதிரிப் பாகம், எல்லாமே கடல் வழிதான். ஒரு போல்ட் உடைந்தால் ராயபுரத்துக்கு ஆள் அனுப்பி வாங்கி வர முடியாது, அடுத்த கப்பல் வரை இயந்திரம் நிற்கும். அசென்ஷனில் கப்பலைக் கரையோரம் கட்டும் துறைமுகமும் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும், சரக்கைச் சிறு படகுகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும், பேரலை எழும்பும் நாளில் அதுவும் நடக்காது. துறைமுகம் கட்டுவதற்கு முன் சென்னைக் கடற்கரையில் மசூலாப் படகுகளில் ஆளையும் மூட்டையையும் அலைக்கு மேல் தள்ளிக்கொண்டு வந்தார்களே, அந்த மாதிரியான கதை. அடுத்தது ஆட்கள். 800 பேர் இருக்கிற தீவுக்குக் கட்டுமானத் தொழிலாளர்கள் வந்தால் அவர்களுக்குப் படுக்க இடம், சாப்பாடு, குடிக்கத் தண்ணீர் எல்லாம் தயார் செய்த பிறகுதான் முதல் மண்வெட்டி விழும்.

என் கருத்தைக் கேட்டால், ஆறு வருடத்தில் எல்லாமே தவிர்க்க முடியாதது என்று நான் வாதாட மாட்டேன். நிலம் ஒருவருடையது, ஓடுபாதையை நடத்துவது இன்னொருவர், அதை நம்பி வாழ்வது மூன்றாமவர் என்று இருக்கும்போது எந்த வேலையும் இழுக்கும். வாடகை வீட்டில் ஒழுகும் கூரையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் "குழி அடைக்க ஆறு வருஷமா" என்ற கேலி மட்டும் பொருந்தாது. நடந்தது குழி அடைப்பு இல்லை.

அதுவரை எப்படிச் சமாளித்தார்கள்?

ஃபாக்லாந்து போகிற விமானத்துக்கு மாற்றுவழி சுலபமாகக் கிடைத்தது. அது செனகல் நாட்டின் டக்கார், கேப் வெர்டே தீவுகள் என்று ஆப்பிரிக்கப் பக்கத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது. பாலத்தின் இரண்டு முனையும் இருந்தன, நடுத்தூண் மட்டும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. நடுத்தூணில் வாழ்ந்தவர்களுக்குத்தான் அடி.

அவர்களுக்கு வந்த உதவி தெற்கிலிருந்து. செயின்ட் ஹெலினாவுக்கு அதுவரை விமானமே கிடையாது, கப்பல்தான். அங்கே புதிதாகக் கட்டிய விமான நிலையம், காற்று சட்டென்று திசையும் வேகமும் மாறும் பிரச்சினையால் தாமதமாகி, 2017 அக்டோபர் 14-ல்தான் முதல் வழக்கமான பயணிகள் விமானத்தைப் பார்த்தது. தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனம் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து எம்பிரேயர் 190 ஓட்டியது. சுமார் நூறு பேர் உட்காரக்கூடிய விமானத்தில் 76 பேரைத்தான் ஏற்றினார்கள், போகிற வழியில் நமீபியாவில் இறங்கி எரிபொருளும் நிரப்பிக்கொண்டார்கள், செயின்ட் ஹெலினாவில் இறங்க முடியாவிட்டால் திரும்பி வர வேண்டுமே! மேலே சொன்ன கணக்கு காலி இருக்கையாக அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது பாருங்கள்.

அதே எம்பிரேயர் 2017 நவம்பர் 18 முதல் மாதம் ஒரு முறை செயின்ட் ஹெலினாவிலிருந்து அசென்ஷனுக்குப் போய் வரத் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து நேராக வராது, ஆனால் 1,300 கிலோமீட்டர் தாண்ட அதால் முடியும், அடிபட்ட ஓடுபாதைக்கும் அதன் எடை ஒரு பொருட்டில்லை. இங்கே வேலை பார்க்கும் செயின்ட் ஹெலினாக்காரர்கள் வீட்டுக்குப் போக அதுதான் வழி, இங்கிலாந்து போகிறவர்களும் முதலில் தெற்கே செயின்ட் ஹெலினா, அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க், அங்கிருந்து வடக்கே என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டார்கள். படைத்தளத் தேவைக்கான விமானங்கள் தனியாக வந்து போயின, ஆனால் அவை எல்லோருக்குமானவை இல்லை. சுற்றுலா ஏறக்குறைய படுத்துவிட்டது. போதாக்குறைக்கு, இரண்டு தீவுகளையும் கேப் டவுனோடு இணைத்த ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினா என்ற பயணிகள் கப்பல் 2018 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. புதிய விமான நிலையம் வந்துவிட்டது, இனி கப்பல் எதற்கு என்று பல வருடம் முன்பே எடுத்த முடிவு, பக்கத்துத் தீவின் ஓடுபாதை கெட்டுக் கிடந்த நேரத்தில் அமலுக்கு வந்தது. சரக்குக்கு எம்வி ஹெலினா என்று வேறு கப்பல் வந்தது.

மாதம் ஒரு விமானம் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அப்பா உடம்பு சரியில்லை என்று தகவல் வருகிற நாள் விமானம் போன மறுநாளாக இருந்தால் இன்னும் நான்கு வாரம். பல் வலிக்கும் கல்யாணத்துக்கும் அதே காலண்டர்தான்.

இவ்வளவையும் கேட்ட நண்பர் டீ ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை. கடைசியில் கேட்டார், "சரி, நம்ம போர்ட் பிளேர் ரன்வே மாசக்கணக்குல படுத்துட்டா என்ன பண்றது?" சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் இருக்கிறது, விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம் ஆவது அதில் மூன்று நாள் போல ஆகும் என்றேன். வாந்தி வருமா என்று கேட்டார். வரும் என்றேன்.